விலைப் பலகையும் பால் வாளியும்



சென்ற மாதம் சங்க வேலையாக நாம் சிங்கப்பூர் சென்றிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை. தேக்கா சந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நம் தோட்டத்திலே பிறந்து, நம் தோட்டத்துப் பள்ளியிலே படித்து, இப்போது அங்கே பாதுகாவலர் வேலை பார்க்கும் பையன் ஒருவன் நம்மை அடையாளம் கண்டுகொண்டான். அவன் தாயார் இன்றும் நம் பக்கத்து டிவிஷனில் பால் வெட்டுகிறார். நலம் விசாரித்து முடிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி இது: "கிராணி அண்ணே, ரப்பர் விலையை இந்த ஊரிலேதான் போடுறாங்களாமே, எந்தக் கட்டடத்திலே?"

நமக்கும் அதைப் பார்க்க ஆசைதான். சிராங்கூன் ரோட்டில் பஸ் ஏறி, ஷென்டன் வேயில் உள்ள சிங்கப்பூர்ப் பங்குச் சந்தைக் கட்டடத்தின் எதிரே போய் நின்றோம். கண்ணாடிக் கதவு, அன்று விடுமுறை, உள்ளே காவல்காரர் ஒருவர். ரப்பர் வாசம் இல்லை, ஒரு ஷீட்டு இல்லை, தராசு இல்லை, கூவி ஏலம் விடுகிற ஆள் இல்லை. "இவ்வளவுதானா?" என்றான் பையன். இவ்வளவுதான். திங்கட்கிழமை வந்தாலும் இவ்வளவுதான். வாங்குவதும் விற்பதும் கம்ப்யூட்டர் வழியே நடந்துவிடும்.

ஆனால் அவன் தாயாருடைய வாளியில் இருக்கும் பாலுக்கு என்ன மதிப்பு என்பது பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது. இதை நம் வாசகர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த வாரத் தலையங்கத்தை எழுதுகிறோம். "உலக மார்க்கெட் நிலவரம்" என்ற ஒரு சொல்லைச் சொல்லித்தான் நம் வாயை அடைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கட்டை அவிழ்த்துப் பார்த்துவிடுவோமே!

ரப்பருக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள உறவு நம் பாட்டன் காலத்து உறவு. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1888இல் அத்தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி என்ற துரை, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சாய்வாகச் சீவிப் பால் எடுக்கும் வெட்டைக் கண்டறிந்து சொன்னார். நாம் இன்று அதிகாலையில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு வெட்டும் வெட்டு அதன் வழிவந்ததுதான். பிறகு 1911இல் அந்த ஊரிலேயே ரப்பர் ஏலம் தொடங்கியது. அது சங்கமாகி, சந்தையாகி, 1990களில் சைக்காம் என்ற பெயர் பெற்று, 2008இல் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் கைக்கு வந்தது. சிங்கப்பூரிலேயே ஒரு காலத்தில் நீ சூன், செம்பவாங் பக்கமெல்லாம் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள். மரம் போய்விட்டது, விலை மட்டும் தங்கிவிட்டது.

இதைச் சொல்வதால் சிங்கப்பூரின் மேல் நமக்குக் கோபம் என்று எண்ண வேண்டாம். விலை என்று ஒன்று எங்காவது ஓரிடத்தில் பலர் அறியப் பேசப்பட்டுத்தான் ஆக வேண்டும். பலர் அறியப் பேசாத விலை, கம்பத்துத் தரகர் காதோடு சொல்லும் விலை, அதைவிட மோசமானது. நம் கேள்வி வேறு. விலை இறங்கும்போது அந்தச் செய்தி ஒரே நாளில் நம் சம்பள நாள்வரை வந்து சேர்ந்துவிடுகிறதே, ஏறும்போது மட்டும் வழியில் எங்கே தங்கிவிடுகிறது? அதுதான் கேள்வி.

விலை எப்படி இறங்கி வருகிறது என்று பாருங்கள். டிஎஸ்ஆர் 20 என்ற தர ரப்பருக்குக் கிலோவுக்கு இத்தனை அமெரிக்கக் காசு என்று சிங்கப்பூரில் பேசுகிறார்கள். ஒரு லாட்டு 5 டன். உலகத்து டயர்க் கம்பெனிகள் பல, தாங்கள் தொழிற்சாலைகளோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் அந்த விலையையே அளவுகோலாக வைத்துக்கொள்கின்றன. அதிலிருந்து தொழிற்சாலை தன் பதனிடும் செலவைக் கழிக்கும். லாரிக் கூலி கழியும். வியாபாரி தன் பங்கைக் கழிப்பார். கடைசியில், கட்டிப்பாலில் பாதி தண்ணீர் என்று பாதி கழியும். மிஞ்சியது மரத்தடிக்கு வரும்.

இந்தக் கணக்கில் நம்மில் பலர் கவனிக்காத ஒரு பூச்சி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதுதான் நாணய மாற்று விகிதம். சிங்கப்பூரில் பேசுவது அமெரிக்கக் காசு. நாம் வாங்குவது ரிங்கிட். 2024 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 4 ரிங்கிட் 80 காசு இருந்தது. 1998க்குப் பிறகு ரிங்கிட் அவ்வளவு விழுந்ததில்லை என்று பத்திரிகைகள் எழுதின. 2025 முடிவதற்குள் ரிங்கிட் நிமிர்ந்து, 4 ரிங்கிட் 10 காசை ஒட்டி வந்தது. நாடு நிமிர்ந்தது நல்லதே. ஆனால் கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ரப்பர் விலை கிலோவுக்கு 180 அமெரிக்கக் காசு என்று அசையாமல் நின்றால்கூட, முன்னதன்படி அது 8 ரிங்கிட் 64 காசு, பின்னதன்படி 7 ரிங்கிட் 38 காசு. கிலோவுக்கு 1 ரிங்கிட் 26 காசு காணாமல் போகிறது! மரம் அதே மரம். கத்தி அதே கத்தி. எழுந்த நேரம் அதே நேரம். யாரும் களவாடவில்லை. ஆனாலும் போயிற்று.

"ரிங்கிட் நிமிர்ந்தால் வெளிநாட்டுச் சாமான் மலியுமே" என்று படித்தவர்கள் சொல்வார்கள். புத்தகத்தின்படி சரிதான். தோட்டத்துக் கடையில் பால் டின் விலையும் பருப்பு விலையும் அந்தப் புத்தகத்தைப் படித்த மாதிரி தெரியவில்லை.

இதே நாணய விவகாரத்தின் மறுபக்கம்தான் அந்தப் பையனைத் தேக்காவுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. 1973 வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. கோலாலம்பூரில் சிங்கப்பூர் நோட்டு செல்லும், சிங்கப்பூரில் மலேசிய நோட்டு செல்லும். அவ்வாண்டு மே மாதம் அந்த ஏற்பாடு முடிந்தது. சிங்கப்பூர் நாணய வாரியம் 1981 முதல், வட்டியை விட நாணய மதிப்பையே கடிவாளமாகப் பிடித்து விலைவாசியை ஓட்டி வருகிறது. வாங்கித் தின்னும் ஊர் என்பதால், தன் வெள்ளி பலமாக இருந்தால் அரிசியும் எண்ணெயும் மலிவாக வரும் என்பது அவர்கள் யோசனை. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். அதனாலேதான் ஜொகூர் தோட்டங்களில் லயத்துக்கு ஒரு பிள்ளையாவது விடியுமுன் பாலத்தைக் கடக்கிறது. தாயார் பெரட்டுக்கு எழும் அதே நேரத்தில் மகன் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைக்கிறான். இதைக் குற்றம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. நம் தம்பியும் அப்படித்தான் போய்வருகிறான்.

இனி, நம் முன்னோர் கண்டதைச் சற்றே பார்ப்போம். ஏனென்றால் "இது புதிய காலம், புதிய நெருக்கடி" என்று சொல்கிறவர்கள் பழைய நெருக்கடியில் யார் வயிறு காய்ந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

முதல் உலகப் போருக்குப் பின் விலை விழுந்தது. 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் குறைக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் கட்டளையிட்டது. விலை ஏறியது. ஆனால் டச்சுக்காரர் கையில் இருந்த இந்தோனேசியா அந்தக் கட்டுக்குள் வரவில்லை. நாம் குறைத்ததை அவர்கள் நட்டார்கள். அமெரிக்கக் கம்பெனிகளோ கோபங்கொண்டு ஃபயர்ஸ்டோன் லைபீரியாவுக்கும், ஃபோர்டு பிரேசில் காட்டுக்கும் ரப்பர் நடப் போயின. 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே உலகப் பெருமந்தம்! 1932இல் ரப்பர் பவுண்டுக்கு 5 காசுக்கும் கீழே போன நாளுண்டு. அதற்கு முன் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்த நாட்சம்பளத்தில் 1930இலேயே ஐந்தில் ஒரு பங்கு வெட்டப்பட்டது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். உலக மார்க்கெட் நிலவரத்துக்குப் பலி வேண்டியிருந்தது. அது நம் பாட்டன்மார் தலையில் இறங்கியது.

கொரிய யுத்தத்தின்போது நேர்மாறு. 1951இல் சராசரி விலை பவுண்டுக்கு 1 வெள்ளி 70 காசை எட்டிப் பிடித்தது. இரண்டே ஆண்டில், 1953இல், 67 காசு. ஏறியபோது சம்பளம் நொண்டிக்கொண்டு பின்னால் ஏறியது. இறங்கியபோது சம்பளமே முன்னால் ஓடிப்போய் இறங்கி நிற்க வேண்டும் என்றார்கள். 1954இல் சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், பி. பி. நாராயணன் அவர்கள் அதன் பொதுச் செயலாளராகி விலைக்கும் சம்பளத்துக்கும் உள்ள முடிச்சைப் பற்றி முதலாளிமாரோடு ஆண்டுக்கணக்கில் மேசையில் உட்கார்ந்து வாதாடியதும் அந்தக் காலத்துக் கதைகள். 1959 முதல் அமெரிக்கா, யுத்தத்துக்காகச் சேர்த்து வைத்த ரப்பரை எடுத்து விற்கத் தொடங்கியது. செயற்கை ரப்பரும் வந்து போட்டிக்கு நின்றது. மறுபடி மந்தம்.

இதற்கெல்லாம் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள் என்பதைப் புதிய தலைமுறை அறியாது. 1980இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச இயற்கை ரப்பர் உடன்படிக்கைதான் அது. விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. தலைமை அலுவலகம் கோலாலம்பூர். விலை ஒரு வரம்புக்குக் கீழே போனால் உடன்படிக்கை நிறுவனமே ரப்பரை வாங்கிக் கிடங்கில் வைக்கும். மேலே போனால் எடுத்து விற்கும். நம் வீட்டுப் பெண்கள் அறுப்புக் காலத்தில் நெல்லை வாங்கிக் குதிரில் வைப்பது போன்ற ஏற்பாடு. இருபது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக அது ஓடியது. 1980களில் விலை விழுந்தபோது வாங்கியது, தசாப்தம் முடிவதற்குள் விலை ஏறியதும் விற்றுத் தீர்த்தது. சொன்னதைச் செய்தது.

பிறகு ஏன் செத்தது? இங்கேதான் முன்பு சொன்ன பூச்சி மறுபடி வருகிறது. அந்த உடன்படிக்கை தன் வரம்பை மலேசிய, சிங்கப்பூர்க் காசில் குறித்திருந்தது. 1997இல் ஆசிய நாணயங்கள் குப்புற விழுந்தன. டாலரில் ரப்பர் விலை சரிந்தது. ஆனால் ரிங்கிட்டே விழுந்துவிட்டதால், ரிங்கிட் கணக்கில் விலை சரிந்ததாகத் தெரியவில்லை. காய்ச்சல் அடிக்கும்போது கருவியில் சூடு காட்டவில்லை என்றால் வைத்தியர் என்ன செய்வார்? நிறுவனம் வாங்க வேண்டிய வேளையில் வாங்காமல் இருந்தது. வரம்பை உயர்த்துங்கள் என்று விற்கும் நாடுகள் கேட்டன. வாங்கும் நாடுகள் இசையவில்லை. மலேசியா விலகுவதாக 1998இல் அறிவித்தது; தாய்லாந்து பின்தொடர்ந்தது; 1999இல் கடை மூடப்பட்டது. மூடியது தவறு என்பதே நம் கருத்து. கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவார்கள், வீட்டை இடிக்க மாட்டார்கள்.

அதற்குப் பின் தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா என்ற மூன்று நாடுகளும் 2001இல் தமக்குள் ஒரு கவுன்சில் வைத்துக்கொண்டன. விலை விழும்போது ஏற்றுமதியைக் குறைப்பது அதன் வழி. 2019இல் 2,40,000 டன் குறைப்பது என்று தீர்மானித்தன. பெரிய பலன் கண்டதாகச் சொல்ல முடியாது. கையெழுத்துப் போடாத ஐவரி கோஸ்ட் இன்று ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தி செய்கிறது. ஸ்டீவன்சன் காலத்தில் வேலிக்கு வெளியே நின்றது இந்தோனேசியா. இன்று நிற்பது ஆப்பிரிக்கா. ஆள்தான் மாறியிருக்கிறான். வாங்குவோர் பக்கமோ, உலகத்து ரப்பரில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சீனா ஒன்றே வாங்குகிறது. சீனத்தில் டயர்த் தொழிற்சாலை ஒரு வாரம் சுணங்கினால் நம் மங்கில் இருக்கும் பால் புளிக்கிறது.

2011 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ரப்பர் கிலோவுக்கு 5 டாலரைத் தாண்டியது. 2016 தொடக்கத்தில் அதில் கால்வாசிகூட இல்லை. அந்த ஐந்தாண்டில் மலேசியத் தோட்டங்கள் எத்தனை ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டன என்பது உங்களுக்கே தெரியும். 1988இல் 16 லட்சம் டன்னுக்கு மேல் எடுத்த நாடு, 2023இல் எடுத்தது சுமார் 3.5 லட்சம் டன். நம் தொழிற்சாலைகள் வெளிநாட்டுக் கட்டிப்பாலை இறக்கித்தான் ஓடுகின்றன. பால் வெட்டுகிறவனுக்குக் கட்டாததால் ஆள் இல்லை. ஆள் இல்லாததால் மரம் வெட்டப்படவில்லை. மரம் சும்மா நிற்பதால் நிலம் விற்கப்படுகிறது. நிலம் விற்கப்பட்டால் லயமும் அதோடு போகிறது. சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசுவதாக நினைத்துக்கொண்டு நாம் வீட்டையும் சேர்த்தே பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த நிலையில்தான் 2025 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் டிரம்ப் உலகத்து நாடுகள் மேலெல்லாம் வரி அறிவித்தார். அமெரிக்காவோடு 2004 முதல் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வைத்திருந்த சிங்கப்பூருக்கே நூற்றுக்குப் பத்து. மலேசியாவுக்கு முதலில் 24, பிறகு ஜூலையில் 25, ஆகஸ்டில் 19. மே மாதம் முதல் வாகன உதிரிப்பாகங்களுக்கு 25. கார் டயரும் அதில் அடக்கம். அறிவிப்பு வந்த சில நாட்களுக்குள்ளேயே ரப்பர் விலை சறுக்கியது. அப்போது ஒரு கிலோ ரப்பர்கூட அந்த வரியைக் கட்டியிருக்கவில்லை. பயமே விலையை இறக்கிவிட்டது!

சிங்கப்பூர்ப் பிரதமர் லாரன்ஸ் வோங், விதிகளுக்கு உட்பட்ட பழைய தடையற்ற வர்த்தகக் காலம் முடிந்துவிட்டது என்று அதே மாதத்தில் தம் மக்களுக்கு வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் ஒரு பணிக்குழுவும் அமைத்தார்கள். நாம் கவனிக்க வேண்டியது அந்தக் குழுவின் நாற்காலிகளை. அரசாங்கம் இருந்தது, வியாபாரிகள் சம்மேளனம் இருந்தது, முதலாளிகள் சம்மேளனம் இருந்தது, தொழிற்சங்கக் காங்கிரஸும் இருந்தது. சிங்கப்பூர்த் தொழிற்சங்கம் ஆளும் கட்சியோடு மிகவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று குறை சொல்வோர் உண்டு. நமக்கும் அதில் சில கருத்துகள் உண்டு. இன்னொரு நாள் எழுதுவோம். ஆனால் புயல் வரும்போது மேசையில் தொழிலாளிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள் அல்லவா? ரப்பர் விலையைப் பற்றிப் பேசுகிற மேசைகளில் அதிகாரி உண்டு, கம்பெனி உண்டு, சிறுதோட்டக்காரர் பேரால் சிலர் உண்டு. பால் வெட்டுகிறவருக்கு நாற்காலி எங்கே?

சிறுதோட்டக்காரருக்கு விலை விழுந்தால் அரசாங்கம் ஊக்கத்தொகை கொடுக்கிறது. கட்டிப்பால் கிலோவுக்கு இன்ன விலைக்குக் கீழே போனால் குறையை நிரப்புவோம் என்று ஒரு வரம்பு வைத்து, 2024ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அதை 2 ரிங்கிட் 70 காசிலிருந்து 3 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. நல்ல காரியம், நாம் பொறாமைப்படவில்லை. ஆனால் தோட்டத்தில் கூலிக்கு வெட்டுகிறவருக்கு அப்படி ஓர் அடித்தளம் இல்லை. அவருக்கு உள்ளது குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஒன்றுதான். 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். அதுவும் போராடிப் பெற்றதே. ஆயினும், மழை பெய்த நாளை எப்படி எண்ணுவது, மரம் இலையுதிர்த்து நிற்கும் மாதத்தை எப்படி எண்ணுவது என்று வரும்போது செக்ரோலைப் புரட்டுகிற கை நம்முடையது, வயிறு அவருடையது.

இங்கே கிராணிமாராகிய நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பால் கொட்டகையில் மெட்ரோலாக்கை முக்கி அளவு பார்ப்பவர் நாம். "கிராணி குறைத்துவிட்டார்" என்று வரிசையில் நிற்கிற அம்மா முணுமுணுப்பது நம் காதில் விழாமல் இல்லை. சில இடங்களில் அந்த முணுமுணுப்பில் நியாயமும் இருந்திருக்கிறது, மறைத்துப் பயனில்லை. ஆனால் அந்த அம்மாவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அன்றைய விலை எந்த வழியாக, எந்தக் கழிவுகளுக்குப் பின், தன் மேசைக்கு வந்தது என்பது கிராணிக்கும் தெரியாது. மேலிருந்து ஓர் எண் வரும், எழுதுவோம். இருவரும் ஒரே இருட்டில் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் சந்தேகித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த இருட்டில் இப்போது ஒரு சின்ன விளக்கு வந்திருக்கிறது. யாரும் நமக்காக ஏற்றியதல்ல. ஐரோப்பிய யூனியன் 2023இல் ஒரு சட்டம் செய்தது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பர், செம்பனை எண்ணெய், காப்பி, கோக்கோ, சோயா, மரம், மாட்டுப் பொருள் எதுவும் ஐரோப்பாவுக்குள் வரக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். எந்த நிலத்தில் விளைந்தது என்பதை அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். 2024 முடிவில் அமலாக வேண்டியதை ஓராண்டு தள்ளினார்கள்; பிறகு 2025 டிசம்பரில் மறுபடியும் ஓராண்டு தள்ளி, பெரிய கம்பெனிகளுக்கு 2026 டிசம்பர் 30 என்றும், சிறியவர்களுக்கு 2027 ஜூன் 30 என்றும் நாள் குறித்தார்கள். இரண்டு முறை தள்ளிய கல்யாணம் நடக்குமா என்று கேட்பவர் கேட்கட்டும். டயர்க் கம்பெனிகள் காத்திருக்கவில்லை. சான்று உள்ள ரப்பருக்கு 2024இலேயே சில வாங்குவோர் கூடுதல் விலை கொடுத்தார்கள்.

நம் மேசைக்கும் அந்தப் படிவங்கள் வந்துவிட்டன. எந்த பிளாக்கு, எந்த ஆண்டு நட்டது, எல்லை எது, எந்த லாரியில் போனது என்று நாமே மாலை ஆறு மணிக்கு மேல் உட்கார்ந்து நிரப்பினோம். கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளம் என்று கேட்டபோது, "இது கம்பெனியின் நன்மைக்கு" என்று பதில் வந்தது. கம்பெனியின் நன்மை கம்பெனியின் கணக்கில் ஏறட்டும். நம் மூன்று மணி நேரம் நம் கணக்கில் ஏற வேண்டாமா?

ஆனால் தோழர்களே, அந்தச் சட்டத்தில் நம் கண்ணில் பட்ட விஷயம் வேறொன்று. காடு அழிக்கப்படவில்லை என்று காட்டினால் மட்டும் போதாது. உற்பத்தியான நாட்டின் சட்டங்களுக்கு உட்பட்டு விளைந்தது என்றும் காட்ட வேண்டும். அந்தச் சட்டங்களின் பட்டியலில் தொழிலாளர் உரிமையும் எழுதப்பட்டிருக்கிறது. அதன் பொருள் என்ன? குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்காத தோட்டத்து ரப்பர், வேலையாளின் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்கும் தோட்டத்து ரப்பர், சட்டப்படி சுத்தமான ரப்பர் ஆகாது. நிலத்தின் அட்சரேகையைக் கேட்கிறவரிடம் சம்பளச் சீட்டையும் சேர்த்துக் காட்ட வைக்க முடியும். ஐரோப்பியர் நம் மேல் கொண்ட அன்பினால் இதை எழுதவில்லை. தங்கள் மனச்சாட்சிக்காகவும், தங்கள் வோட்டுக்காரருக்காகவும் எழுதினார்கள். இருக்கட்டும். ஏணி யார் வீட்டுடையதானாலும் ஏறத்தானே வேண்டும்!

ஆகவே அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் நம் தரப்பு எதைக் கேட்க வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. மாதச் சம்பளம் விலையோடு கட்டப்படாமல் தனியே நிற்க வேண்டும். விலையோடு கட்டுவதானால் மேலே போகும்போது மட்டும் கட்டட்டும். ஏற்றத்தில் பங்கு, இறக்கத்தில் அடித்தளம். "விலை இறங்கினால் தோட்டம் எப்படித் தாங்கும்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். கம்பெனி சிங்கப்பூர்ச் சந்தையில் ஆறு மாதத்துக்கு முன்கூட்டியே தன் ரப்பரை விற்று, இறக்கத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள முடியும். அந்தச் சந்தை இருப்பதே அதற்காகத்தான். பால் வெட்டும் அம்மா தன் முதுகை முன்கூட்டி விற்க எந்தச் சந்தையும் கிடையாது. தாங்கக்கூடிய தோள் எதுவோ அதன் மேல்தான் சுமையை வைக்க வேண்டும். சான்று பெற்ற ரப்பருக்குக் கிடைக்கும் கூடுதல் விலையில், படிவம் நிரப்பிய கிராணிக்கும் மரத்தைக் காத்த வெட்டுக்காரருக்கும் பங்கு எழுதப்பட வேண்டும். நிலம் விற்கப்பட்டால் லயத்துக்கு மாற்று வீடு முதலில், கிரயப் பத்திரம் பிறகு.

இதற்குச் சங்கத்தின் கையில் கணக்கு வேண்டும். ஆத்திரம் நம்மிடம் தாராளமாக இருக்கிறது, கணக்குத்தான் குறைச்சல். ஆகவே வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பால் வெட்டுபவர் ஒவ்வொருவரும் இந்த மாதம் முதல் தேதியிலிருந்து, தினமும் நிறுத்த எடை, கிராணி சொன்ன அளவு, மழையால் வேலை நின்ற நாள் ஆகியவற்றைப் பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதட்டும். கிராணிமார், மேலிருந்து வந்த விலையை அதே தேதியில் குறித்து வையுங்கள். மூன்று மாத நோட்டுகள் சேர்ந்ததும் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். சிங்கப்பூர் விலையை நாளுக்கு நாள் எழுதி அனுப்பும் பொறுப்பைத் தேக்காவில் சந்தித்த அந்தப் பையன் ஏற்றுக்கொண்டான். இரவு வேலை முடிந்து வரும்போது கைத்தொலைபேசியில் பார்த்துக் குறித்துவிடுவதாகச் சொன்னான். முதல் வாரத்து விலைப்பட்டியல் நேற்று வந்து சேர்ந்தது. அவன் தாயாரின் நோட்டு இன்னும் வரவில்லை. மழை என்று நான்கு நாளாகப் பெரட்டிலிருந்தே திரும்பிக்கொண்டிருக்கிறாராம்.